அரை விநாடியின் அச்சாணி

2011 மே 28. லண்டன் வெம்ப்லி மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. முதல் பத்து நிமிடங்கள் மான்செஸ்டர் யுனைடெட் அணி பார்சிலோனாவை மூச்சுவிட விடவில்லை. பந்து எந்த டிஃபெண்டரின் காலுக்குப் போனாலும் ஒரு வெள்ளைச் சட்டை அவர்மேல் பாய்ந்து வந்தது. அதன் பிறகு அந்த வேகம் கரைந்துபோனது. பார்சிலோனா ஆளை மாற்றவில்லை, ஆட்ட முறையையும் மாற்றவில்லை. ஆனாலும் யுனைடெட் வீரர்கள் ஓடி வந்து சேரும் இடத்தில் பந்து இல்லை. 3-1 என்று ஆட்டம் முடிந்தது. மெஸ்ஸி, சாவி, இனியெஸ்தா ஆகிய மூவரைப் பற்றியும் மறுநாள் உலகம் பேசியது.

அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் போவது 16ஆம் எண் சட்டையிடம். செர்ஹியோ புஸ்கெட்ஸ், அப்போது 22 வயது. நெட்டையான, ஒல்லியான உடம்பு. வேகம் கிடையாது. கோல் அடிப்பது அரிது. டிஃபெண்டர்களுக்குச் சற்று முன்னால், மைதானத்தின் நட்ட நடுவில் நிற்பார். பந்து வரும், ஒரு தொடுதல் அல்லது இரண்டு, பந்து போய்விடும். ஆட்டத்தைப் பார்த்தால் புஸ்கெட்ஸ் கண்ணில் படமாட்டார், புஸ்கெட்ஸைப் பார்த்தால் ஆட்டம் முழுவதும் தெரியும் என்ற பொருளில் ஸ்பெயின் பயிற்சியாளர் விசென்தே தெல் பாஸ்க் சொன்னது கால்பந்து உலகில் பலருக்கும் மனப்பாடம். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை ஒரு சின்னக் கணக்கு விளக்கிவிடும்.

டிஃபெண்டருக்கும் நடுக்கள வீரருக்கும் இடையில் 20 மீட்டர் தூரம் இருக்கட்டும். தரையோடு உறுதியாக உதைத்த பாஸ் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், பந்து போய்ச் சேர 1.3 விநாடி ஆகும். பந்து கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் எதிரணி வீரர் ஓடத் தொடங்குகிறார் என்றால், கண் பார்த்து மூளை கட்டளையிட்டுக் கால் அசைவதற்கே 0.2 விநாடி கழிந்துவிடும். மீதியுள்ள 1.1 விநாடியில், நின்ற இடத்திலிருந்து அவர் மூன்று மீட்டர் ஓடலாம், மிஞ்சினால் நான்கு. ஏழு மீட்டர் தள்ளி நின்றிருந்தால் இன்னும் மூன்று நான்கு மீட்டர் பாக்கி. பந்தைப் பெற்றவருக்குக் கிட்டத்தட்ட அரை விநாடி கையில் இருக்கிறது. தலை நிமிர்ந்து அடுத்த பாஸைக் கொடுக்க அது போதும்.

இதே எதிரணி வீரர் பாஸ் கிளம்பும் நேரத்தில் ஏற்கெனவே விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால்? அந்த 1.3 விநாடியில் எட்டு மீட்டரை அவர் கடந்திருப்பார். பந்தும் அவரும் ஒன்றாக வந்து சேர்வார்கள். ஓடும் வேகம் இரண்டு கணக்கிலும் மனிதனால் இயன்றதுதான். தொடங்கிய நேரம் மட்டுமே மாறியது. அதனால்தான் நல்ல அணிகள் சில அடையாளங்களை வைத்துக்கொண்டு ஓடுகின்றன: ஒருவரின் முதல் தொடுதல் சற்றுத் தள்ளிப் போகிறது, பந்து துள்ளிக்கொண்டு வருகிறது, பாஸ் மெதுவாக இருக்கிறது, பெறப்போகிறவர் தன் கோலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டதும் ஒருவர் கிளம்புவார், மற்றவர்களும் அவரோடு சேர்ந்து கிளம்புவார்கள். பிரஸ்ஸிங் என்று கால்பந்தில் சொல்வது இந்தக் கூட்டு ஓட்டத்தைத்தான்.

சடுகுடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பாடி வருகிறவரைப் பெரும்பாலும் யாரும் தனியாகப் போய்ப் பிடிப்பதில்லை. அவர் மூலைக்குள் காலை நீட்டும்வரை பொறுத்திருந்து, நீட்டியதும் கைகோத்த சங்கிலி மொத்தமாக மூடும். எல்லைக்கோடும் ஒரு ஆளாக நின்று பிடித்துக்கொடுக்கும். கால்பந்திலும் பந்து பக்கவாட்டுக் கோட்டருகே உள்ள ஃபுல்பேக்கிடம் போகும்படி விட்டு, அங்கே போனதும் மூடுவார்கள். கோட்டுக்கு அப்பால் அவருக்குப் பாஸ் கொடுக்க இடமில்லை. வெம்ப்லியில் யுனைடெட் அடித்த ஒரே கோலும் அப்படி வந்ததுதான். கோட்டருகே பார்சிலோனா எறிந்த துரோ-இன்னை மடக்கி, ரூனி இரண்டு பேரோடு பாஸ் மாற்றிக்கொண்டு முன்னேறி அடித்தார்.

இந்த உத்தியை இன்றைய தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் புதுமைபோலப் பேசினாலும் இதற்கு அறுபது வயது ஆகிறது. 1960களில் டைனமோ கீவ் அணியின் பயிற்சியாளராக இருந்த விக்தர் மாஸ்லோவ், வீரர்களின் உணவையும் உடல்தகுதியையும் சீராக்கி, பந்து இருக்கும் இடத்தில் கூட்டமாகச் சென்று பறிக்கும் ஆட்டத்தை உருவாக்கினார். 1966, 1967, 1968 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சோவியத் லீக் பட்டம் அந்த அணிக்குக் கிடைத்தது. பக்கவாட்டில் நின்று தனித்திறமை காட்டும் விங்கர்களுக்கு அவருடைய அமைப்பில் இடமில்லாமல் போனது. அப்படி இடமிழந்து அணியை விட்டுப்போனவர்களில் ஒருவர் வலேரி லோபனோவ்ஸ்கி. அவரே பின்னர் அதே கீவ் அணிக்குப் பயிற்சியாளராக வந்து, அனதோலி ஸெலென்சோவ் என்ற விஞ்ஞானியைக் கூட வைத்துக்கொண்டு, மாஸ்லோவின் ஆட்டத்தை அளவும் புள்ளிவிவரமும் கொண்ட ஒரு முறையாக மாற்றினார். 1975, 1986 என இரண்டு ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பைகள் அதன் பலன்.

கீவ் அணி 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனிக்குப் பயிற்சி முகாமுக்கு வந்தபோது, ஸ்டுட்கார்ட் அருகே உள்ள பாக்னாங் என்ற சிற்றூரின் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. பாக்னாங்கின் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக இருந்தவர் இளைஞர் ரால்ஃப் ராங்னிக். சில நிமிடங்களிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பந்து வெளியே போன நேரம் பார்த்து எதிரணி வீரர்களை எண்ணியிருக்கிறார். பதினொரு பேர்தான் இருந்தார்கள். பதின்மூன்று பதினான்கு பேரோடு ஆடுவதுபோல் அவருக்குப் பட்டிருக்கிறது. இன்றைய ஜெர்மன் பிரஸ்ஸிங்கின் குரு என்று போற்றப்படும் ராங்னிக், தன் பாதை அந்த நாளில்தான் திரும்பியது என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

பதினொரு பேர் பதினான்கு பேராகத் தெரிவது எப்படி? மைதானத்தின் பரப்பைப் பார்த்தால் புரியும். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், மொத்தம் 7,140 சதுர மீட்டர். கோல்கீப்பர்களை விட்டுவிட்டு இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 357 சதுர மீட்டர், ஒரு பெரிய வீட்டுமனை அளவு. ஆனால் 1980களின் கடைசியில் ஏசி மிலான் அணியை நடத்திய அர்ரீகோ சாக்கி, தன் கடைசி டிஃபெண்டருக்கும் முன்னணி ஸ்டிரைக்கருக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றார். டிஃபெண்டர்கள் வரிசை மேலே ஏறிவிட்டால், அவர்களுக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியை ஆஃப்சைடு விதி காவல் காத்துக்கொள்ளும். பந்து இருக்கும் பக்கத்துக்கு எல்லோரும் நெருங்கி, அகலத்தையும் 40 மீட்டராகக் குறைத்துவிட்டால், ஆட்டம் நடக்கும் இடம் வெறும் 1,000 சதுர மீட்டர். ஆளுக்கு 50. மனையாக இருந்தது சிறிய வீடாகச் சுருங்கிவிடுகிறது. எதிரணிக்கு எங்கே திரும்பினாலும் ஒருவர் நிற்பதுபோல் தெரியாமல் என்ன செய்யும்?

சாக்கி பந்தே இல்லாமல் பயிற்சி கொடுப்பார். பந்து இன்ன இடத்தில் இருப்பதாக அவர் சொல்லச் சொல்ல, பதினொரு பேரும் வெற்று மைதானத்தில் ஒன்றாக நகர்வார்கள். ஒழுங்கின் மேல் நம்பிக்கையில்லாத நட்சத்திரங்களுக்கு அவர் வைத்த சோதனை பிரபலமானது. கோல்கீப்பர் கல்லி, தசோத்தி, மால்தீனி, கோஸ்தகுர்த்தா, பரேசி ஆகிய ஐவரை ஒரு பக்கம் நிறுத்தி, மறுபக்கம் குல்லித்தும் வான் பாஸ்தனும் உட்பட பத்துப் பேரைத் தாக்கவிட்டார். பதினைந்து நிமிடத்தில் ஒரு கோலாவது போடச் சொன்னார். பத்துப் பேரால் ஒரு கோலும் போட முடியவில்லை. 1989இல் ஸ்டேவா புக்கரெஸ்டை 4-0 என்று வீழ்த்தி மிலான் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டும் அதே கோப்பை.

ஆக, அழுத்துகிறவரின் வேலை எதிராளியின் இடத்தைச் சுருக்கி, அதன் வழியாக நேரத்தைப் பறிப்பது. நடுவில் நிற்கும் புஸ்கெட்ஸ் போன்றவரின் வேலை பறிபோன நேரத்தை எங்கிருந்தாவது உண்டாக்குவது. அர்ஜென்டினாவில் இவரை ஐந்தாம் எண் என்பார்கள். இத்தாலியில் ரெஜிஸ்தா, அதாவது இயக்குநர். ஸ்பெயினில் பிவோத்தே. நம் மொழியில் அச்சாணி என்ற சொல் இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. சக்கரம் சுற்றும்போது அச்சாணி சுற்றுவதாகத் தெரியாது. அது கழன்றால் தேர் சாயும்.

நேரத்தை உண்டாக்கும் முதல் கருவி கழுத்து. மனிதக் கண்ணுக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 200 பாகை வரை ஏதோ அசைவது தெரியும். கூர்மையாகத் தெரிவது நடுவில் வெறும் இரண்டு பாகை. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. டிஃபெண்டர், விங்கர், ஸ்டிரைக்கர் எல்லோருக்கும் மைதானத்தின் ஒரு பக்கமாவது பாதுகாப்பானது. நடுக்கள வீரருக்கு மட்டும் நான்கு திசையிலும் ஆபத்து. எனவே பந்து வருவதற்கு முன்பே அவர் தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்து, மனத்தில் ஒரு வரைபடத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நார்வே நாட்டு உளவியலாளர் கேய்ர் யோர்டெட் இதை எண்ணியே பார்த்தார். இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 118 வீரர்களை, அவர்களை மட்டுமே தொடரும் கேமராக் காட்சிகளில் ஆராய்ந்தார். பந்து வரும் முன் விநாடிகளில் ஃபிராங்க் லாம்பார்ட் விநாடிக்கு 0.62 தடவை தலையைத் திருப்பிப் பார்த்தார், ஸ்டீவன் ஜெரார்ட் 0.61. பின்னர் அவர் அளந்த சாவி எர்னாந்தஸ் 0.8ஐயும் தாண்டினார். அதிகம் பார்த்தவர்களின் பாஸ்கள், முக்கியமாக முன்னோக்கிய பாஸ்கள், கூடுதலாகச் சரியான காலுக்குப் போயின.

இதைப் படித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தால் சாவி ஆகிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு சீசன் முழுக்க வீரர்களைப் பின்தொடர்ந்த அடுத்த ஆய்வில் பார்ப்பதற்கும் பாஸ் வெற்றிக்கும் உள்ள தொடர்பு இருந்தது, ஆனால் சிறியதாக இருந்தது. நல்ல வீரர் என்பதால் அதிகம் பார்க்கிறாரா, அதிகம் பார்ப்பதால் நல்ல வீரரா என்பதை எண்ணிக்கை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. என் கணிப்பு இது: பார்த்ததைக் காலுக்குக் கொண்டுவருவதில்தான் திறமை இருக்கிறது. புஸ்கெட்ஸ் பந்தைப் பெறும்போது முழுதாக எதிர்கொண்டு நிற்கமாட்டார். பாதி திரும்பிய உடம்போடு, பந்து வரும் திசைக்குத் தள்ளியுள்ள காலால் வாங்குவார். அந்த முதல் தொடுதலிலேயே அடுத்த பாஸுக்கான திசை இருக்கும். மற்றவர்கள் வாங்கி, நிறுத்தி, நிமிர்ந்து, பார்த்து, கொடுக்கிற ஐந்து செயல்களை இரண்டாகச் சுருக்கிவிடுவார். அவர் மெதுவாக ஆடுவதுபோல் நமக்குத் தோன்றியது அதனால்தான்.

இரண்டாவது கருவி, ஆட்களின் எண்ணிக்கை. பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டும்போது எதிரணியின் இரண்டு ஸ்டிரைக்கர்கள் நம் இரண்டு டிஃபெண்டர்களை நெருங்கினால், அச்சாணி வீரர் அவர்கள் நடுவில் இறங்கி மூன்றாம் ஆளாக நிற்பார். மூவருக்கு இருவர் போதாது. மெக்ஸிகோ அணியைப் பயிற்றுவித்த அர்ஜென்டினாக்காரர் ரிக்கார்தோ லா வோல்பே இதை ஒரு முறையாகவே வளர்த்தார். 2006 உலகக் கோப்பையில் அந்த அணியின் ஆட்டத்தைப் பார்த்துப் பாராட்டி எழுதியவர் பெப் குவார்தியோலா. இரண்டே ஆண்டுகளில் பார்சிலோனாவின் பொறுப்பு அவருக்கு வந்தது. தன் இரண்டாம் நிலை அணியிலிருந்து புஸ்கெட்ஸை அழைத்துவந்து அதே இடத்தில் நிறுத்தினார். குவார்தியோலாவே யோஹான் கிரைஃபின் கீழ் அதே இடத்தில் ஆடியவர் என்பதால், எதைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோல்கீப்பர் இந்தக் கணக்கில் சேர்ந்ததற்கு விதிகள்தான் காரணம். 1990 உலகக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.21 கோல்கள்தான் விழுந்தன. உலகக் கோப்பை வரலாற்றிலேயே இவ்வளவு குறைவு வேறெப்போதும் இல்லை. நெருக்கடி வந்தால் பந்தைக் கீப்பரிடம் தள்ளுவதும், அவர் கையில் எடுத்து நேரம் கடத்துவதும் சலிப்பூட்டின. தன் அணி வீரர் காலால் வேண்டுமென்றே கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்று 1992இல் விதி வந்தது. அன்று முதல் கீப்பருக்கும் கால் வேலை வந்துவிட்டது. 2019இல் இன்னொரு மாற்றம்: கோல் கிக் எடுத்த பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை, உள்ளேயே டிஃபெண்டர் வாங்கிக்கொள்ளலாம், எதிரணி மட்டும் வெளியே நிற்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் எதிரணி இன்னும் 16 மீட்டர் மேலே ஏறி வந்தால்தான் அழுத்த முடியும், அப்படி ஏறி வந்தால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் அவ்வளவு நிலம் திறந்துவிடும்.

அந்த நிலத்துக்காகத்தான் சில அணிகள் எதிரணியை வேண்டுமென்றே வரவழைக்கின்றன. 2024 வரை ரொபேர்த்தோ தெ செர்பி பயிற்றுவித்த பிரைட்டன் அணியில் டிஃபெண்டர் பந்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். கூட்டம் கத்தும். எதிரணி ஸ்டிரைக்கர் பொறுக்க முடியாமல் பாய்ந்து வருவார். விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வருகிறவர், விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தாலும் முழுதாக நிற்க ஐந்து மீட்டர் தேவை, ஒன்றரை விநாடி நெருங்கிவிடும். அவர் நிற்பதற்குள் பந்து அவரைத் தாண்டிப் போயிருக்கும். தேர்ந்த ஸ்டிரைக்கர்கள் இதனால்தான் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. வில் போல வளைந்து வந்து, தன் முதுகுக்குப் பின்னால் உள்ள அச்சாணி வீரரைத் தன் நிழலுக்குள் வைத்தபடியே டிஃபெண்டரை நெருங்குவார்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டு பேரை மறைக்கும் அந்த வளைவு, கோல் அடிப்பதற்குச் சமமான கலை என்று நான் நம்புகிறேன்.

நிழலில் அகப்பட்ட வீரருக்குப் பந்தைச் சேர்க்கும் வழியை ஸ்பெயின்காரர்கள் மூன்றாவது ஆள் என்கிறார்கள். டிஃபெண்டருக்கும் அச்சாணிக்கும் நடுவே வழி அடைபட்டிருந்தால், டிஃபெண்டர் அச்சாணியைத் தாண்டித் தூரத்தில் நிற்கும் இன்னொருவருக்கு அடிப்பார். அவர் ஒரே தொடுதலில் அச்சாணிக்குத் திருப்பிவிடுவார். முன்பு நிழலாக இருந்த இடம், பந்து வேறு கோணத்திலிருந்து வரும்போது வெளிச்சமாகிவிடுகிறது. வெம்ப்லியில் யுனைடெட்டின் அழுத்தம் கரைந்தது இப்படிப்பட்ட முக்கோணங்களில்தான். 69ஆம் நிமிடத்தில் தாவித் வியா அடித்த மூன்றாவது கோலுக்குக் கடைசிப் பாஸ் கொடுத்தவரும் புஸ்கெட்ஸ்தான்.

அச்சாணியைப் பிடித்து நிறுத்திவிட்டால் என்ன? செய்தும் இருக்கிறார்கள். 2010இல் மிலானுக்கு எதிராக யுனைடெட் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், பார்க் ஜி-சுங்கை ஆந்திரேயா பிர்லோவின் பின்னால் நிழல்போல் அனுப்பினார். பிர்லோ ஓய்ந்துபோனார், மிலானும் தோற்றது. ஆனால் எல்லா அணியிடமும் பார்க் போல நுரையீரல் உள்ளவர் இருப்பதில்லை. நடுக்கள வீரர் ஒரு ஆட்டத்தில் பதினோரு கிலோமீட்டர் சுமாராக ஓடுகிறார், 90 நிமிடமும் பாய்ந்துகொண்டே இருக்க யாராலும் ஆகாது.

இந்த வீரர்களின் மதிப்பை எண்ணால் பிடிப்பது கடினம். எதிரணியைத் தடுக்கும் ஒவ்வொரு செயலுக்கும் முன் எத்தனை பாஸ்களை அனுமதிக்கிறோம் என்று கணக்கிட்டு ஓர் அணியின் அழுத்தத்தை அளக்கும் முறையை 2014இல் கொலின் டிரெய்னர் முன்வைத்தார். இன்று அது எங்கும் புழங்குகிறது. அணியின் குணத்தை அது காட்டும். நடக்காமல் போன ஆபத்தை, ஒருவர் சரியான இடத்தில் நின்றதாலேயே எதிரணி கொடுக்காமல் விட்ட பாஸை, எந்த அட்டவணையிலும் எழுத முடியாது. அவர் இல்லாதபோதுதான் அது தெரியவரும். ரியல் மாட்ரிட் 2003இல் லீக் பட்டம் வென்றது. அந்தக் கோடையில் டேவிட் பெக்காம் வந்தார், குளோத் மெக்கலேலே செல்சிக்கு விற்கப்பட்டார். அடுத்த சீசனில் அந்த நட்சத்திர அணி நான்காவது இடம். அடுத்த லீக் பட்டத்துக்கு 2007வரை காத்திருந்தது.

மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி இன்னும் தெளிவான சான்று. 2023 ஜூனில் இஸ்தான்புல்லில் அவர் அடித்த கோல்தான் சிட்டிக்கு முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தந்தது. 2024 வரை தொடர்ந்து நான்கு பிரீமியர் லீக் பட்டங்கள். 2024 செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. ஒரு மாதம் கழித்து, அதற்கு முந்தைய சீசனின் ஆட்டத்துக்காக, உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதை வாங்கப் பாரிஸ் மேடைக்கு ஊன்றுகோலோடு ஏறினார். அதையடுத்த வாரங்களில் சிட்டி ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றது. சீசன் முடிவில் சாம்பியன் லிவர்பூலைவிட 13 புள்ளிகள் பின்தங்கி மூன்றாம் இடத்தில் நின்றது. மற்ற காயங்களும் வயதும் இதில் சேர்ந்தன என்பது உண்மை. ஆனால் எதிரணிகள் சிட்டியின் நடுவழியே நேராக ஓடிய அந்த மாதங்களைப் பார்த்தவர்களுக்கு முதல் காரணம் எதுவென்று தெரியும்.

ஐரோப்பிய ஆட்டங்களை நம் ஊரில் நள்ளிரவுக்கு மேல் கண்விழித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்தில் பந்து கோல்கீப்பரிடம் இருக்கும்போது, டிஃபெண்டர்களுக்கு முன்னால் தனியாக நிற்பவரைத் தேடுங்கள். பந்து அவரிடம் வரும்வரை அவர் எத்தனை முறை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள்.